கையெழுத்து வைக்கமுதல்: முகமாலை வேலைக்குப் போகும் தங்கச்சிக்கு

பளைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். வயது முப்பத்திரண்டு. இரண்டு பிள்ளைகள், கணவர் இல்லை. ஓர் ஆடைத் தொழிற்சாலையில் நான்கு வருடமும் எட்டு மாதமும் வேலை செய்திருக்கிறார். இப்போது முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலைக்கு நேர்முகத் தேர்வில் தெரிவாகிவிட்டார். சம்பளம் 65,000 ரூபா. இன்றைய சம்பளத்தைவிட 18,000 கூட. ஆனால் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான். "கால் போனால் உன்ரை பிள்ளையளை ஆர் பாக்கிறது" என்று தாயார் மறித்து நிற்கிறாராம். போவதா விடுவதா என்று கேட்டிருக்கிறார்.

போங்கள் தங்கச்சி. அதற்கு முதல் தீர்க்கவேண்டிய நான்கு மாத விஷயம் ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன். அம்மா பயப்படுகிற ஆபத்துக்கு அங்கே பயிற்சியும் கவசமும் அம்புலன்சும் இருக்கின்றன. அந்த ஒரு வருடம் முடிகிற நாளுக்கு எவரும் எதையும் ஆயத்தம் செய்து தரமாட்டார்கள். போருக்குப் பிறகு வடக்குக்கு வந்த கொந்தராத்து வேலைகள் பலவகை: மிதிவெடி, வீடமைப்பு, வீதி, என்.ஜி.ஓ. கள வேலை. அவற்றில் சனம் பட்ட கஷ்டங்களில் பெரும்பங்கு கடதாசியில்தான் தொடங்கியிருக்கிறது. ஆகவே நிலத்தைப் பற்றிக் கொஞ்சமும் கடதாசியைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

நிலத்தை முதலில் பார்ப்போம். கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று குடாநாட்டின் கழுத்தைக் குறுக்கே வெட்டிப்போன முன்னரங்கக் கோடு, 2000ஆம் ஆண்டு ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த பின்னர் 2008 கடைசி வரை ஏறக்குறைய அங்கேயே நின்றது. இரண்டு தரப்பும் வருடக்கணக்காக மண் அரணுக்கு முன்னாலும் பின்னாலும் புதைத்துக்கொண்டே இருந்த இடம் அது. இராணுவத்தின் பி-4, டைப் 72 வகை மிதிவெடிகளும், புலிகள் செய்த ஜொனி 95 போன்றவையும் ஒரே துண்டுக் காணிக்குள் வரும். பி-4இல் உலோகம் மிகக் குறைவு. ஜொனி 95 மரப்பெட்டிக்குள் செய்தது, பெட்டி மண்ணில் உக்கிப்போயிருக்கும். அதனால்தான் உலோகம் தேடும் கருவியின் சத்தத்தை மட்டும் நம்பி அங்கே வேலை செய்வதில்லை. குடாநாட்டு மணல் மண்ணில் ரேக்கினால் மேல்மண்ணை மெல்ல மெல்ல வாரி எடுக்கிற முறை வேரூன்றியதற்கும் இதுவே காரணம். நீங்கள் நினைக்கிற மாதிரி வெடியைத் தேடி நடந்து போகிற வேலை இல்லை. குறுகலான ஒரு லேனில் முழங்காலில் இருந்து, துப்புரவாக்கிய பக்கத்தில் நின்றுகொண்டு, முன்னால் இருக்கிற மண்ணைச் சாண் சாணாக எடுக்கிற வேலை. பொறுமைதான் பெரிய தகைமை. தையல் மெஷினில் நாள் முழுக்க ஒரே தையலைப் பிழையில்லாமல் போட்டவருக்கு அது ஏற்கெனவே இருக்கும்.

விபத்தே நடக்காது என்று உங்கள் அம்மாவிடம் சொல்லாதீர்கள். நடக்கும். வெக்கை தாங்காமல் முகக்கவசத்தை உயர்த்துவது, மதியத்துக்குப் பிறகு அலுப்பில் அவசரப்படுவது, ஆபத்து எல்லையைக் காட்டும் சிவப்புக் குறிக்கு அப்பால் விழுந்த ஒரு பொருளை "கிட்டத்தானே" என்று எட்டி எடுப்பது, இவற்றில்தான் ஆபத்து அதிகம். நல்ல நிறுவனமா என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். ஏற்கெனவே அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளையைச் சந்தித்து, "காயக்காரரை வெளியில் எடுக்கிற ஒத்திகை கடைசியாக எப்ப செய்தீங்கள்?" என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் வந்தால் நல்லது. "அது ட்ரெயினிங்கிலை காட்டினவை" என்று இழுத்தால் யோசியுங்கள். மருத்துவ உதவியாளர் களத்திலேயே இருக்கிறாரா, அம்புலன்ஸ் வேறு வேலைக்கு ஓடுகிறதா, நடுவெயிலில் எத்தனை தரம் ஓய்வு தருகிறார்கள், மேற்பார்வையாளர் வேகத்தை அளக்கிறாரா ஒழுங்கை அளக்கிறாரா என்பவற்றையும் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். நேர்முகத் தேர்வில் இதெல்லாம் கேட்டால் அழகான பதில்தான் வரும்.

இன்னொன்றையும் எவராவது உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டும். அங்கே மண்ணுக்குள் வெடி மட்டும் இல்லை. 2020 மே மாதம் முகமாலையில் மிதிவெடி அகற்றும்போது மனித எலும்புகளும் சீருடைத் துணிகளும் வெளிப்பட்டன. இது அங்கே அபூர்வமான நிகழ்வும் இல்லை. அப்படி எதுவும் தென்பட்டால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும், தொடக்கூடாது, மேற்பார்வையாளருக்குச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு பொலிசும் நீதவானும் பார்க்கிற விஷயம் அது. தொலைபேசியில் படம் எடுத்து எவருக்கும் அனுப்பாதீர்கள். ஒரு சீருடைத் துண்டு, ஓர் இலக்கத்தகடு, ஒரு சங்கிலி, இவற்றில் ஏதாவது ஒன்று யாரோ ஒரு தாய் பதினைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விக்குப் பதிலாக இருக்கலாம். அது இருந்த இடத்திலிருந்து அசைந்தால் அந்தப் பதிலும் போய்விடும். கணவர் இல்லை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், எப்படி என்று எழுதவில்லை. நான் கேட்கவும் மாட்டேன். காணாமற்போனவர்களைத் தேடுகிற குடும்பமாக இருந்தால், இந்த வேலை வேறு வகையில் பாரமாக இருக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியான பெண்கள் பலர் இந்த வேலையைச் செய்கிறார்கள், செய்து முடித்த காணியில் சனம் வீடு கட்டுவதையும் பார்த்திருக்கிறார்கள். சிலரால் முடியாமல் போயிருக்கிறது. முடியாமல் போனால் அது குற்றம் இல்லை. மிதிவெடி நிறுவனங்களில் சமையல், வாகனம், களஞ்சியம், வெடி ஆபத்து விழிப்புணர்வு என்று வேறு பிரிவுகளும் உண்டு, மாற்றிக் கேட்கலாம்.

சரி, கடதாசிக்கு வருவோம். நான்கு மாத விஷயம் இதுதான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வேலையை விடும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கிடைக்கும். தானாக விலகினாலும் கிடைக்கும். உங்கள் அடிப்படைச் சம்பளம் 40,000 என்று எழுதியிருக்கிறீர்கள். ஊக்கத்தொகையும் மேலதிக நேரக் காசும் இந்தக் கணக்கில் சேராது. அரை மாதம் 20,000, ஐந்து வருடத்துக்கு 1,00,000 ரூபா. இன்றைக்கு விலகினால் நான்கு வருடமும் எட்டு மாதமும் என்ற கணக்கில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு சதமும் இல்லை. புதிய வேலையில் கூடுதலாக வருகிற 18,000 ரூபா நான்கு மாதத்துக்கு 72,000. ஆகவே பொறுத்துப் போவதுதான் லாபம், அந்த வேலை உங்களுக்காகக் காத்திருந்தால். நிறுவனங்கள் பணம் வருகிறபோது தொகுதியாகத்தான் ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்கும். "அடுத்த தொகுதியில் சேர்க்கமுடியுமா" என்று எழுத்தில் கேளுங்கள். ஆமென்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். முடியாது என்றால், அடுத்த தொகுதி எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாத நிலையில், 28,000 ரூபா வித்தியாசத்துக்காகக் கிடைத்த புதிய வேலையை விடவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அம்மாவின் உடல்நிலையும் உங்களுக்குத்தான் தெரியும், முடிவு உங்களுடையது.

போகிறதென்றால் நியமனக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறுதலாக வாசியுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதில் உங்களை எப்படிக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். "ஊழியர்" என்று இருக்கவேண்டும். "தொண்டர்", "ஆலோசகர்", "கொடுப்பனவு பெறுபவர்" என்று இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். எங்கள் பக்கத்தில் தொண்டர் என்ற பெயரில் வருடக்கணக்காக முழுநேர வேலை வாங்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். பெயரை மாற்றிக் கூப்பிட்டால் ஊழியர் சேமலாப நிதி கட்டாமல் தப்பலாம் என்ற கணக்குத்தான் அதில் இருக்கிறது.

சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எவ்., நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரியது என்று இன்றைக்கும் பலர் நம்புகிறார்கள். தவறு. ஒப்பந்த ஊழியருக்கும் தற்காலிக ஊழியருக்கும் முதல் நாளிலிருந்தே உரியது. உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வெட்டுவார்கள், நிறுவனம் நூற்றுக்கு 12 போடவேண்டும். அதற்கு மேல் ஈ.ரி.எவ். என்கிற நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனம் தன் பணத்தில் நூற்றுக்கு 3 கட்டவேண்டும். 65,000 ரூபாவுக்குக் கணக்குப் பாருங்கள்: உங்களிடம் வெட்டுவது 5,200, நிறுவனம் போடுவது 7,800, நம்பிக்கை நிதியத்துக்கு 1,950. நிறுவனத்தின் பங்கு மாதம் 9,750, வருடத்துக்கு 1,17,000 ரூபா. பதியாமல் விட்டால் நீங்கள் இழப்பது இவ்வளவு. முதல் மாதச் சம்பளச் சிட்டையில் 5,200 வெட்டுப்பட்டிருக்கிறது என்பது மட்டும் போதாது. வெட்டியதைக் கட்டினார்களா என்று பார்க்கவேண்டும். உறுப்புரிமை இலக்கத்தைக் கேட்டு எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ உள்ள தொழில் அலுவலகத்துக்குப் போய் உங்கள் கணக்கை ஒருதரம் விசாரியுங்கள்.

இங்கே எங்கள் ஊருக்கே உரிய ஒரு வில்லங்கம் இருக்கிறது, இதை நான் விட்டுவிட்டுப் போகமாட்டேன். பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயருக்குப் பதில் கணவன் பெயர், முகாமில் இருந்த காலத்தில் எடுத்த புதிய அடையாள அட்டையில் வேறு ஆங்கில எழுத்துக்கூட்டல். வேலையில் சேரும்போது எவரும் கவனிக்கமாட்டார்கள். பத்து வருடம் கழித்து நிதியை எடுக்கப் போகும்போதுதான் "இரண்டும் ஒரே ஆளா" என்று கேட்பார்கள். பிறகு சத்தியக் கடதாசி, கிராம அலுவலர் கடிதம், பிரதேச செயலகம் என்று அலைச்சல் தொடங்கும். சேரும் நாளிலேயே எல்லாப் படிவத்திலும் அடையாள அட்டையில் உள்ளபடி பெயரை எழுதவையுங்கள். வங்கிக் கணக்கையும் அதற்கேற்ப மாற்றுங்கள். ஆடைத் தொழிற்சாலையில் எப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்று இப்போதே, அங்கே வேலையில் இருக்கும்போதே, பாருங்கள். வெளியேறிய பிறகு மனிதவளப் பிரிவில் உங்களுக்குப் பதில் சொல்ல ஆள் இராது.

காப்புறுதி. "எல்லாருக்கும் காப்புறுதி இருக்கு" என்று சொல்வார்கள், பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். இந்தத் துறையின் சர்வதேச தராதரங்களும் அதை எதிர்பார்க்கின்றன. நீங்கள் கேட்கவேண்டியது தொகை. உயிர் போனால் எவ்வளவு, நிரந்தர ஊனத்துக்கு எவ்வளவு, ஒரு கண்ணுக்கும் ஒரு காலுக்கும் தனித்தனியாக எவ்வளவு, ஆஸ்பத்திரியில் இருக்கிற மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, களத்துக்குப் போய்வருகிற வாகனம் பிரண்டால் இதே காப்புறுதி செல்லுமா. கடைசிக் கேள்வி முக்கியம், ஏ9 வீதியின் வேகம் உங்களுக்குத் தெரியும். கால் இழந்தால் செயற்கைக் கால் பொருத்தும் யாழ் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் எங்களிடம் இருக்கிறது. ஆனால் பொருத்திய பிறகு என்ன வேலை தருவார்கள் என்பதையும் நிறுவனத்திடம் கேட்டு வையுங்கள். காப்புறுதிக்கு அப்பால் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அது நிறுவனத்தின் தயவைப் பொறுத்தது இல்லை. உங்களிடம் சொந்தமாக ஏதாவது ஆயுள் காப்புறுதி இருந்தால், தொழில் மாறியதை அந்தக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, அறிவித்ததற்கான கடிதத்தை வாங்குங்கள். தையல் வேலை என்று சொல்லி எடுத்த காப்புறுதியை வெடி வேலையில் நடந்த விபத்துக்குக் கேட்டால் வாதம் வரும்.

வேறு சில கேள்விகளும் உண்டு. பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் உண்டா? கார்த்திகை, மார்கழி மழையில் களம் மூடினால் அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, லீவில் கழிப்பார்களா? இடையில் நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்னறிவித்தல்? இவை கடிதத்தில் இல்லாவிட்டால் மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ கேட்டு, பதிலை அழிக்காமல் வையுங்கள்.

இனி அந்த ஒரு வருடம். ஏன் ஒரு வருடம் என்று விளங்கினால் கோபம் குறையும், திட்டமிடவும் முடியும். இந்த வேலைக்கான சம்பளத்தில் பெரும்பகுதி எங்கள் அரசாங்கத்திடமிருந்து வருவதில்லை. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், நோர்வே போன்ற நாடுகள் தருகிற பணம் அது. அவர்கள் வருடக் கணக்கில் தருகிறார்கள், நிறுவனமும் அந்தக் கணக்கிலேயே ஆள் எடுக்கிறது. இங்கே மிதிவெடி அகற்றுகிற நிறுவனங்களில் ஹலோ ட்ரஸ்ட், மக் இரண்டும் 2002 சமாதான காலத்தில் வந்தவை. டாஷ் 2010இல் உள்நாட்டில் தொடங்கியது, சார்ப் அதற்குப் பிறகு வந்தது. இவற்றோடு டென்மார்க்கிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த நிறுவனங்களும் 2009க்குப் பின்னர் களத்தில் நின்றன. ஹொரைசன், சர்வத்ரா என்ற பெயர்கள் உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பணம் ஓய, ஒவ்வொன்றாகக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டன. அதில் வேலை செய்த எங்கள் பிள்ளைகளில் கெட்டிக்காரர் மற்ற நிறுவனங்களுக்குத் தாவினார்கள், மற்றவர்கள் தோட்டத்துக்கும் கடலுக்கும் திரும்பினார்கள்.

2025 ஜனவரியில் நடந்ததையும் பாருங்கள். அமெரிக்காவில் புதிய ஜனாதிபதி பதவியேற்ற அன்றே வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்திவைக்கக் கட்டளை போட்டார். சில நாட்களில், அமெரிக்கப் பணத்தில் நடந்த மிதிவெடி அகற்றும் வேலைகளை உலகமெங்கும் நிறுத்தச் சொல்லி அறிவித்தல் போனது. வொஷிங்டனில் வைத்த ஒரு கையெழுத்து, லேனில் முழங்காலில் இருக்கிற ஆளின் அடுத்த மாதச் சம்பளத்தைத் தொடும். ஆகவே நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், "எங்கள் அணிக்குப் பணம் தருவது எந்த நாடு, அந்தத் திட்டம் எந்த மாதம் முடிகிறது" என்று கேளுங்கள். இது இரகசியம் இல்லை. வாகனத்திலும் அறிவித்தல் பலகையிலும் கொடியோடு எழுதித்தான் வைத்திருப்பார்கள்.

நீண்ட கணக்கும் ஒன்று உண்டு. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது, அதன்படி துப்புரவாக்கி முடிக்கவேண்டிய நாள் 2028 ஜூன் 1. நீடிப்புக் கேட்க உடன்படிக்கையில் இடம் உண்டு. என்றாலும் வேலை முடிவை நோக்கிப் போகிறது. மட்டக்களப்பு மாவட்டம் 2017இலேயே முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். வேலையை நன்றாகச் செய்யச் செய்ய வேலை இல்லாமல் போகிற தொழில் இது. ஊருக்கு நல்லது, உங்கள் வரவு செலவுக்குக் கஷ்டம்.

இதைத் தெரிந்துகொண்டு கடன் விஷயத்தில் ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: கடைசித் தவணை, ஒப்பந்தம் முடிகிற மாதத்தைத் தாண்டக்கூடாது. நியமனக் கடிதம் கைக்கு வந்த கிழமையே லீசிங் கம்பனிக்காரர் வாசலுக்கு வருவார். மோட்டார் சைக்கிள், நாலு வருடத் தவணை, "சம்பளச் சிட்டை இருந்தால் போதும் அக்கா" என்பார். சம்பளச் சிட்டைக்கு ஒரு வருடந்தான் உயிர், தவணைக்கு நாலு வருடம். போருக்குப் பிறகு நிதிக் கம்பனிகள் வடக்குக்குப் படையெடுத்து வந்து எங்கள் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டன என்பதற்கு, 2018இல் வரட்சி மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது ஒன்றே சாட்சி. கூடுதலாக வருகிற 18,000இல் பாதியை முதல் மாதத்திலிருந்தே தொடாத கணக்கில் போடுங்கள், வருடக் கடைசியில் 1,08,000 நிற்கும். அடகில் நகை இருந்தால் முதலில் அதை மீட்கலாம், அதுவும் சேமிப்புத்தான். ஊர்ச் சீட்டில் சேர்வதானால் ஒப்பந்தத்துக்குள் முடிகிற சீட்டில் சேருங்கள்.

ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பிக்கிற இடங்களில் ஒரு பழக்கம் உண்டு. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க இரண்டு கிழமை இடைவெளி விடுவார்கள். சில வேளை உண்மையாகவே பணம் வரத் தாமதம். சில வேளை, ஐந்து வருடத் தொடர் சேவை என்று பிறகு நீங்கள் பணிக்கொடை கேட்காமல் இருக்க. எது எப்படியோ, ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் நீடிப்புக் கடிதத்தையும் சம்பளச் சிட்டையையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருப்பவர்தான் பிறகு பேசமுடியும். ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் எதிர்ப்பது கடினம். ஆனால் காலம் முடியமுதல் காரணமின்றி நிறுத்தினால் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். "திரும்பக் கூப்பிடுவம்" என்ற வாய்வார்த்தையை நம்பிக் காத்திருந்து அந்த ஆறு மாதத்தைக் கடத்தியவர்கள் இருக்கிறார்கள்.

வேலையில் இருக்கும்போதே அடுத்த வேலைக்குரிய கடதாசியைச் சேருங்கள். ரேக் பிடிக்கத் தெரியும் என்பதை வைத்து வெளியில் வேலை எடுக்கமுடியாது. ஆனால் அங்கே முதலுதவியில் மேலதிகப் பயிற்சி தருவார்கள், கனரக வாகனமும் மண் வெட்டும் இயந்திரமும் ஓட்டுவதற்கு ஆள் தேடுவார்கள், வரைபட வேலைக்குக் கணினி தெரிந்தவரைத் தேடுவார்கள். பெண் என்று பின்னுக்கு நிற்காமல் கை உயர்த்துங்கள். இயந்திரம் ஓட்டத் தெரிந்த பெண்ணுக்கு நாளைக்குக் கட்டட வேலையிலும் இடம் உண்டு. அனுபவத்தை வைத்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்க நைற்றா என்கிற அரச பயிற்சி அதிகாரசபை மூலம் வழி இருக்கிறது, எல்லாவற்றையும் புதிதாகப் படிக்கத் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் உங்களுக்கு ஏற்ற பாடநெறி இருக்கிறதா என்றும் ஒரு லீவு நாளில் போய் விசாரியுங்கள். வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரந்தான்.

ஒரு வருட அனுபவம் சேர்ந்ததும் இன்னொரு வகையான ஆள் வருவார். வெளிநாட்டில் இதே வேலை, டொலரில் சம்பளம், முற்பணம் மட்டும் கட்டினால் போதும் என்பார். உண்மையான நிறுவனங்கள் அனுபவசாலிகளை வெளிநாட்டுக்கு எடுப்பதுண்டு. அவை தங்கள் ஊழியரிடம் காசு கேட்பதில்லை. 2004இல் ஜோர்தானில் வேலை என்று நம்பிப் புறப்பட்ட 12 நேபாளிகள் ஈராக்கில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். 2024இல் எங்கள் நாட்டு முன்னாள் இராணுவத்தினரே உதவி வேலை என்று கூட்டிச் செல்லப்பட்டு ரஷ்ய, உக்ரேன் போர்முனையில் விடப்பட்டார்கள். முகவரின் உரிமப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள், 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்தும் கேட்கலாம். சுற்றுலா விசாவில் போகச் சொன்னால் அத்தோடு கதையை முடியுங்கள்.

இதே பத்தியை வாசிக்கிற கட்டட வேலைக்காரருக்கும் ஒரு சொல். வலிகாமம் வடக்கில் விடுவித்த காணிகளில், மயிலிட்டி, பலாலிப் பக்கம், அத்திவாரமோ கிணறோ வெட்டும்போது துருப்பிடித்த எதையாவது கண்டால் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள், 119க்குச் சொல்லுங்கள். பழைய இரும்புக்காரர் தருகிற காசுக்காக அதை ஓரமாக எடுத்து வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. நாட்கூலிக்கு நிற்பவருக்குக் காப்புறுதியும் இல்லை, பயிற்சியும் இல்லை. என்னைக் கேட்டால் தங்கச்சி, உங்கள் அம்மா பயப்படவேண்டிய வேலை அதுதான்.

அம்மாவைச் சமாதானப்படுத்த என்னிடம் வசனம் ஒன்றும் இல்லை தங்கச்சி. ஆனால் சேமலாப நிதிக்கும் காப்புறுதிக்கும் பின்னுரித்தாளர் யார் என்று படிவத்தில் எழுதவேண்டி வரும். பிள்ளைகள் இருவரும் பதினெட்டுக்குக் கீழே என்பதால், பணம் அவர்களுக்காக எவர் கையில் வரும் என்பதை இப்போதே தெளிவாக்கவேண்டும். அது அம்மாவாகத்தான் இருக்கும். படிவத்தை அலுவலகத்தில் அவசரமாக நிரப்பிக் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, அவரைப் பக்கத்தில் இருத்தி, எந்தத் தொகை எதற்கு வரும் என்று வாசித்துக் காட்டி நிரப்புங்கள். அவருடைய அடையாள அட்டை இலக்கமும் தேவைப்படும், அதிலும் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரதி இரண்டு எடுத்து, ஒன்றை அவரிடமே கொடுத்து வையுங்கள்.